ஒளி ஆராய்ச்சியும் இரண்டு வருஷக் கெடுவும்

பிப்ரவரி மாதம் 28ந் தேதி வந்துவிட்டால், நம் தேசத்துக் கல்லூரிகளில் ஸர் சி. வி. ராமனின் படத்திற்கு மாலை சூட்டுவது வழக்கமாகிவிட்டது. 1928ம் வருஷம் அந்தத் தேதியில் கல்கத்தாவில் அவர் வெளியிட்ட உண்மையைப் பாராட்டிப் பிரசங்கங்கள் நடைபெறும். மறுநாள் பத்திரிகைகளில் அவை பிரசுரமாகும். அத்துடன் அந்த வருஷத்தின் உற்சாகம் தீர்ந்துவிடும். ஆனால், அந்தக் கண்டுபிடிப்பு எத்தனை வருஷத்து உழைப்பில் விளைந்தது, அதில் ஈடுபட்ட வாலிபர்களை யார் வைத்துக் காப்பாற்றினார்கள், அதே மாதிரியான வேலையில் இன்று ஒரு வாலிபன் இறங்கினால் நம் சர்க்காரின் விதிகள் அவனை என்ன செய்யும் என்ற கேள்விகளை மாலை சூட்டுவோர் கேட்பதில்லை. அவற்றையே நாம் இன்று கேட்க விரும்புகிறோம்.

பௌதிக சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெறுவதற்குள் ஒருவனுக்கு வயது இருபத்தெட்டு, முப்பது ஆகிவிடுகிறது. பட்டம் கைக்கு வந்தவுடன் அவன் ஆசிரியனாகிவிடுவதில்லை. வேறொரு பேராசிரியரின் சோதனைச்சாலையில் சில வருஷங்கள் தங்கி, தன் சொந்தப் புத்தியைக் கொண்டு ஆராய்ச்சி நடத்தி, நாலு பேர் அறியப் பெயர் எடுத்த பிறகே நிலையான உத்தியோகத்தைப்பற்றி நினைக்கலாம். இந்தக் கட்டத்தைப் போஸ்ட் டாக்டரல் ஆராய்ச்சி என்பர். மாணவனுமல்ல, ஆசிரியனுமல்ல என்ற இந்த இடைக்காலத்தில்தான் மனிதன் மிகத் துணிச்சலாக வேலை செய்கிறான். குடும்பப் பொறுப்பு இன்னும் முழுவதும் வந்து சேரவில்லை. கமிட்டிகளில் உட்கார வேண்டியதில்லை. பரீட்சைத் தாள் திருத்த வேண்டியதில்லை. இந்த வருஷங்களை எந்தத் தேசம் தன்னிடம் வைத்துக் கொள்கிறதோ, அந்தத் தேசத்திற்கே அதுவரை அவனுக்குச் செய்த செலவின் பலன் போய்ச் சேருகிறது. செலவு செய்தவர் வேறு யாராயிருந்தாலும் சரியே.

மற்றச் சாஸ்திரங்களை விட்டு ஒளியைமட்டும் எடுத்துப் பேசுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். கண்ணாடி வில்லை, முப்பட்டகம், தூரதரிசினிக் கண்ணாடி ஆகியவற்றோடு ஒளியியல் நின்றுவிட்டதாகப் பள்ளிக்கூடத்துப் படிப்போடு விட்டவர்கள் நினைப்பது இயல்பு. 1960ம் வருஷம் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் என்பவர் முதல் லேஸரை இயக்கிய பிறகு நிலைமை அடியோடு மாறிவிட்டது. கம்பியில் மின்சாரத்தை ஓட்டி வேலை வாங்குவதுபோல ஒளியை ஓட்டி வேலை வாங்கும் வித்தை ஒன்று வளர்ந்திருக்கிறது. போட்டானிக்ஸ் என்று அதற்குப் பெயர். இன்று சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் செய்தி, கடலின் அடியில் மயிரிழை போன்ற கண்ணாடி நாருக்குள் ஒளியாகவே ஓடுகிறது. விழித்திரைக்குச் சிகிச்சை செய்வதும், எஃகுத் தகட்டை வெட்டுவதும் ஒளியே. கம்ப்யூட்டரின் மூளையாகிய சில்லுகளில் மிக நுட்பமானவற்றைப் பொறிப்பதற்கு 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி தேவை. அந்த ஒளியைக்கொண்டு பொறிக்கும் யந்திரத்தைச் செய்து விற்பது ஹாலந்து தேசத்துக் கம்பெனி ஒன்றுதான். அதை இன்னாருக்கு விற்கலாம், இன்னாருக்கு விற்கக்கூடாது என்று வல்லரசுகள் பேசி முடிவு செய்கின்றன. சீனாவுக்கு அது மறுக்கப்பட்டிருக்கிறது. உப்புக்கும் துணிக்கும் பிறர் கையை எதிர்பார்ப்பது அடிமைத்தனம் என்று சொல்லி நம் முன்னோர் சிறை சென்றார்கள். ஒளிக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பதற்கு மட்டும் வேறு பெயர் உண்டா?

ஏழு வருஷத்து வேலை

ராமன் கண்டுபிடிப்பின் சரித்திரத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 1876ம் வருஷம் கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர், பொது ஜனங்களிடம் நன்கொடை திரட்டி, இந்தியர்களே நடத்தும் விஞ்ஞான சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார். 1907ம் வருஷத்தில் நிதி இலாகா உத்தியோகஸ்தராகக் கல்கத்தாவுக்கு வந்த ராமன், ஆபீசுக்குப் போகுமுன் காலையிலும் திரும்பி வந்தபின் மாலையிலும் இந்தச் சங்கத்தில் ஆராய்ச்சி செய்தார். பின்னர் தாரகநாத் பாலித் என்ற வக்கீல் கல்கத்தா சர்வகலாசாலைக்குப் பெருந்தொகை கொடுத்துப் பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார். அப்பதவியை இந்தியரே வகிக்க வேண்டுமென்பது அவர் விதித்த நிபந்தனை. வெளிநாடு சென்று பயிற்சி பெற்று வரவேண்டுமென்றும் ஒரு நிபந்தனை இருந்தது. அதற்கு ராமன் இணங்கவில்லை. அசுதோஷ் முகர்ஜி அந்த நிபந்தனையைத் தளர்த்தி, 1917ல் அவரை அப்பதவியில் அமர்த்தினார். மனிதனுக்காக விதியைத் தளர்த்தத் தெரிந்த நிர்வாகிகள் அன்று இருந்தார்கள்.

1921ம் வருஷம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது கடல் நீரின் நீல நிறம் ராமன் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் பிரதிபலிப்பே அந்த நீலம் என்று அதுவரை சொல்லி வந்தார்கள். கையிலிருந்த ஒரு சிறு நிகோல் முப்பட்டகத்தைக்கொண்டு கப்பலிலேயே சோதனை செய்து, நீரே ஒளியைச் சிதறச் செய்கிறதென்று அவர் தெளிந்தார். கல்கத்தா சேர்ந்ததும் அவரும் அவருடைய மாணவர்களும் ஒளிச் சிதறலை ஆராயத் தொடங்கினார்கள். 1923ல் கே. ஆர். ராமநாதன், சுத்திகரித்த நீரில் சூரிய ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கையில், உள்ளே சென்ற நிறத்திற்கு மாறான நிறத்தில் மங்கலான ஒரு சுவடு தென்பட்டது. நீரில் ஏதோ அழுக்கு இருக்கிறதென்று எண்ணி மறுபடி மறுபடி சுத்தம் செய்தார்கள். சுவடு மறையவில்லை. 1925ல் நம் இராமநாதபுரத்துச் சீமை வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் வேறு பல திரவங்களிலும் அதைக் கண்டார். 1927ம் வருஷக் கடைசியில் எஸ். வெங்கடேசுவரன் கிளிசரினில் சோதனை செய்தபோது, நீலமாகச் சிதற வேண்டிய ஒளி பச்சை கலந்து வெளிவந்தது. இந்த வெங்கடேசுவரன் சர்க்கார் பரிசோதனைச்சாலை ஒன்றில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் சங்கத்திற்கு வந்து போனவர். அதன் பின்னரே ராமனும் கிருஷ்ணனும் முழு மூச்சாக அதில் இறங்கி, 1928 பிப்ரவரியில் காரியத்தை முடித்தார்கள்.

அதே பிப்ரவரி மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பர்க், மண்டல்ஷ்டாம் என்ற இரு ரஷ்ய விஞ்ஞானிகள் படிகங்களில் அதே உண்மையைக் கண்டுவிட்டார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. அவர்கள் பிரசுரம் செய்வதற்குச் சற்றுத் தாமதித்தார்கள். கல்கத்தாவில் சில மாதங்கள் கைநழுவிப் போயிருந்தால், 1930ம் வருஷத்து நோபல் பரிசு வேறு திசைக்குப் போயிருக்கக்கூடும்.

இனி இன்றைய விதியைப் பார்ப்போம். டாக்டர் பட்டம் பெற்றவர்களுக்காக மத்திய சர்க்கார் வைத்திருக்கும் பிரதானமான உதவி, தேசீய போஸ்ட் டாக்டரல் உபகாரச் சம்பளம். இதற்கு முன் விஞ்ஞான, எஞ்சினீரிங் ஆராய்ச்சி போர்டு இதை நடத்தி வந்தது. 2023ம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட அனுசந்தான் தேசீய ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் வசம் இப்போது இருக்கிறது. காலம் இரண்டு வருஷம். விண்ணப்பிப்பவருக்கு வயது 35க்கு மேற்படலாகாது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பிற்பட்டோர் முதலியோருக்கும் ஐந்து வருஷம் சலுகை உண்டு. பட்டம் பெற்ற இடத்திலேயே தங்கக்கூடாது. வேறு ஸ்தாபனத்திற்குப் போகவேண்டும். இந்தக் கடைசி விதி நல்ல விதியே. புதிய இடமும் புதிய மனிதர்களும் வாலிபனுக்கு நன்மை செய்வார்கள். ஆனால் இரண்டு வருஷக் கெடுவை 1923ம் வருஷத்துக் கல்கத்தாவின்மீது வைத்துப் பாருங்கள். மங்கலான சுவட்டைக் கண்டவர் 1925ல் மூட்டை கட்டுவார். அவருக்குப் பின் வந்தவர் 1927ல் மூட்டை கட்டுவார். கிளிசரின் பச்சையாக ஒளிரும்போது, அது முன்பு நீரில் தெரிந்த அதே சுவடுதான் என்று சொல்ல ராமனைத் தவிர அந்த அறையில் ஒருவரும் இருக்கமாட்டார்.

கணித ஆராய்ச்சி செய்பவனுக்குக் காகிதமும் பென்சிலும் போதும். முதல் நாளே வேலையைத் தொடங்கலாம். ஒளியில் சோதனை செய்பவன் நிலைமை வேறு. தெருவில் லாரி போனாலும் அதிராத மேஜை அவனுக்கு வேண்டும். காற்றில் மிதக்கும்படி அமைத்த அந்த மேஜையின்மீது கண்ணாடிகளையும் வில்லைகளையும் மயிரிழை பிசகாமல் நிறுத்த வேண்டும். நிறம் மாறாத லேஸர் வேண்டும். ஒளித்துகள் ஒன்று தனியாக வந்து விழுந்தாலும் அதை எண்ணிச் சொல்லும் கருவி வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை அன்னிய நாட்டுச் சரக்கு. விலைப்புள்ளி கேட்டு, கமிட்டி கூடி, உத்தரவாகி, கப்பலேறி, சுங்கத்தில் நின்று, சோதனைச்சாலைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு வருஷம் கழிந்துவிடும். மீதியுள்ள ஒரு வருஷத்தில், அடுத்த உத்தியோகத்திற்கு விண்ணப்பம் எழுதுவதில் பாதி போய்விடும். எஞ்சிய ஆறு மாதத்தில் அவன் ஒளியைப்பற்றி எதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்று சர்க்கார் எதிர்பார்க்கிறது?

பெங்களூரில் கிடைக்காத நாற்காலி

இன்னொரு சரித்திரமும் சொல்லவேண்டியிருக்கிறது. 1933ல் ராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய டைரக்டரானார். அதே வருஷம் ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்து, யூத விஞ்ஞானிகளைச் சர்வகலாசாலைகளிலிருந்து விரட்டத் தொடங்கினார். அவர்களில் சிலரை நம் தேசத்திற்கு அழைத்துவிட வேண்டுமென்று ராமன் விரும்பினார். மாக்ஸ் பார்ன் என்ற பேரறிஞர் 1935ல் பெங்களூர் வந்து ஆறு மாத அளவில் தங்கியிருந்தார். அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி கொடுக்க வேண்டுமென்று ராமன் வாதாடினார். சொந்த தேசத்தால் துரத்தப்பட்ட இரண்டாந்தர மனிதருக்கு இங்கே இடம் எதற்கு என்று அங்கிருந்த ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் பார்ன் முன்னிலையிலேயே பேசினார். இதைப் பார்ன் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். நாற்காலி கிடைக்கவில்லை. 1936ல் அவர் எடின்பரோவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1954ல் நோபல் பரிசு பெற்றார்.

அது நஷ்டத்தில் ஒரு பங்குதான். 1951ல் எடின்பரோவில் பார்னிடம் உதவியாளராக ஒரு வாலிபர் வந்து சேர்ந்தார். எமில் வுல்ப் என்பது அவர் பெயர். செக்கோஸ்லோவேகியாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி ஓடிவந்தவர். டாக்டர் பட்டம் பெற்று அதிக காலமாகவில்லை. நாம் இதுகாறும் பேசிவந்த இடைக்கால உத்தியோகம் போன்றதே அது. அந்த வாலிபரும் கிழவரும் சேர்ந்து எழுதி 1959ல் வெளியிட்ட ஒளியியல் நூல், இன்றுவரை உலகத்துச் சோதனைச்சாலைகளில் வேதம்போல் இருந்து வருகிறது. வுல்ப் அதே வருஷம் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துச் சர்வகலாசாலைக்குச் சென்றார். பல நாட்டு மாணவர்கள் அவரை நாடி வந்தார்கள். நம்மவராகிய கிரீஷ் அகர்வால் 1969ல் அவரிடமே டாக்டர் பட்டம் பெற்றார். பெங்களூரில் நாற்காலி மறுக்கப்பட்டவரின் சிஷ்யரிடம் பாடம் கேட்க, நம் வாலிபர் ஏழு கடல் தாண்டிப் போகவேண்டியதாயிற்று! அகர்வால் பின்னர் தாய்நாடு திரும்பி, ஹைதராபாத் சர்வகலாசாலையில் ஆசிரியராகவும், அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் டைரக்டராகவும் நெடுங்காலம் உழைத்து, அதன்பின் மீண்டும் அமெரிக்கா சென்றார்.

இங்கேயே இருந்து பெரிய காரியம் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1956ல் பெங்களூரில், ராமன் ஆராய்ச்சிச் சாலையில், இருபத்திரண்டு வயது வாலிபராகிய எஸ். பஞ்சரத்னம் படிகங்களின் வழியாகச் செல்லும் ஒளியைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம் தேசத்து விஞ்ஞானப் பத்திரிகையிலேயே அது வெளிவந்தது. உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1984ல் இங்கிலாந்தில் மைக்கேல் பெர்ரி என்பவர் அதே கருத்தை வேறு வழியில் கண்டு பெரும் புகழ் பெற்ற பிறகு, எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்தியானந்தாவும் பஞ்சரத்னத்தின் பழைய கட்டுரையை எடுத்துக் காட்டினார்கள். பெர்ரியும் அதைப் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார். ஆனால் பஞ்சரத்னம் 1969லேயே ஆக்ஸ்போர்டில், முப்பத்தைந்தாவது வயதில், காலமாகிவிட்டார். சென்னை தரமணியிலுள்ள கணித விஞ்ஞானக் கழகத்தில் ஆர். சைமன் செய்த ஒளி ஆராய்ச்சியும் இவ்வகையில் சேர்ந்ததே. இரண்டு ஒளிக்கற்றைகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றனவா என்று சோதிக்க அவர் 2000ம் வருஷத்தில் கொடுத்த விதியை அவர் பெயராலேயே உலகம் வழங்குகிறது.

வெளிநாட்டு வாயில்கள்

வெளிநாடு செல்லும் வாலிபர்களைத் தேசத் துரோகிகளென்று தூற்றுவோர் கட்சியில் நாம் சேரமாட்டோம். வித்தை எங்கிருந்தாலும் போய்க் கற்கவேண்டியதே. 1954ல் நரீந்தர் சிங் கபானி லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, கண்ணாடி நார்க் கட்டின்வழியே உருவத்தை அனுப்பிக் காட்டினார். பாராமதியில் பிறந்து, பூனாவில் எஞ்சினீரிங் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற குமார் பட்டேல், உடனே பெல் டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் அமர்ந்தார். மூன்றே வருஷத்தில், 1964ல், கரியமிலவாயு லேஸரை ஆக்கினார். தோலும் துணியும் பலகையும் வெட்டும் பட்டறைகளில் இன்றும் அந்த வகை லேஸர் வேலை செய்கிறது. பூனாவிலோ சென்னையிலோ அவருக்கு அந்த இடத்தை அன்று யார் கொடுத்திருப்பார்கள்?

இன்று வெளியே செல்ல விரும்பும் ஒளி ஆராய்ச்சியாளனுக்கு ஐரோப்பாவில் வாயில்கள் பல. ஐரோப்பியக் கூட்டு ராஜ்யங்கள் மேரி ஸ்க்வடோவ்ஸ்கா கியூரி அம்மையார் பெயரால் கொடுக்கும் உபகாரச் சம்பளத்திற்கு எந்தத் தேசத்தாரும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு கிடையாது. போகவேண்டிய நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்குமேல் வசித்திருக்கலாகாது என்பது முக்கியமான விதி. ஜெர்மனியில் ஹம்போல்ட் ஸ்தாபனம், இத்தனை இடம் இன்ன தேசத்திற்கு என்று பங்கிடாமல் தகுதி ஒன்றையே பார்த்துக் கொடுக்கிறது. ஸ்தாபனங்களில், 2009ல் எர்லாங்கனில் ஒளி விஞ்ஞானத்திற்கென்றே ஏற்பட்ட மாக்ஸ் பிளாங்க் கழகமும், பார்சலோனா அருகே 2002ல் ஏற்பட்ட போட்டானிக்ஸ் கழகமும், நாரில் ஓடிக் களைத்த ஒளிக்கு எர்பியம் என்ற உலோகத்தால் வலுவூட்டும் முறையை 1987ல் உலகத்திற்குக் கொடுத்த இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனும் முன் வரிசையில் நிற்கின்றன. அமெரிக்காவில் ராச்செஸ்டரின் ஒளியியல் கழகம் 1929 முதல் நடந்து வருகிறது. ஆனால் அந்த வாயிலில் இப்போது காவல் அதிகம். 2025ம் வருஷம் செப்டம்பரில், வெளியிலிருந்து புதிதாக வரும் ஒருவகை உத்தியோகஸ்தர்களுக்கு, அவர்களை அமர்த்துவோர் லட்சம் டாலர் கட்டவேண்டுமென்று அந்நாட்டு ஜனாதிபதி உத்தரவிட்டார்.

போகும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. தேசத்தின் பெயரையும் நகரத்தின் அழகையும் பார்த்து இடம் தேடவேண்டாம், ஆளைப் பாருங்கள். அந்தப் பேராசிரியர் சமீபத்தில் எழுதிய கட்டுரைகளைப் படித்து, அவற்றில் முடியாமல் நிற்கும் கேள்வி எது, அதை நீங்கள் எப்படி முடிப்பீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதியனுப்புங்கள். அவரிடம் முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் விசாரித்துக் கொள்ளுங்கள். நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதில் தபால் செலவில்லாத இந்நாளிலும் பயனில்லை.

திரும்பி வந்து காரியம் செய்ததற்கு அன்னா மணி அம்மையாரைவிடச் சிறந்த உதாரணம் நமக்குத் தெரியாது. சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்து, 1940 முதல் பெங்களூரில் ராமனிடம் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியை ஆராய்ந்தவர் அவர். எம்.ஏ., எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையென்ற காரணத்தால் சென்னை சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் கொடுக்க மறுத்துவிட்டது. 1945ல் சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப்பற்றிக் கற்று, 1948ல் திரும்பினார். திரும்பியவருக்கு வானிலை இலாகாவில் பூனாவில் இடம் தயாராயிருந்தது. அன்னிய நாட்டிலிருந்து வாங்கி வந்த கருவிகளில் ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு இங்கேயே வரைபடம் தயாரித்து, இங்கேயே செய்ய வைத்தார். பட்டம் இல்லாதது இந்த வேலைக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை.

நம் வீட்டில் உள்ளவை

நம் தேசத்தில் இடமே இல்லையென்று சொல்வது அநியாயம். பெங்களூரில் ராமன் ஆராய்ச்சிச் சாலையும் விஞ்ஞானக் கழகமும், இந்தூரில் லேஸருக்கென்றே ஏற்பட்ட ராஜா ராமண்ணா நிலையமும், கல்கத்தாவில் கண்ணாடி நார் இழுக்கும் மத்திய கண்ணாடி ஆராய்ச்சிச் சாலையும், அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிச் சாலையும், கொச்சி சர்வகலாசாலையில் போட்டானிக்ஸ் பள்ளியும் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில், மின்சாரத்திற்குப் பதில் ஒளி ஓடும் ஸிலிக்கன் சில்லுகளை ஆராய ஒரு மையம் நடக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய மந்திரிசபை தேசீய குவாண்டம் திட்டத்திற்கு, 2030-31 வரையில் செலவிடுவதற்காக, 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன் நான்கு மையங்களில், செய்திப் போக்குவரத்துக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்திருக்கிறது. ஒற்றை ஒற்றையாக ஒளித்துகள்களை அனுப்பி, இடையில் ஒருவன் ஒட்டுக் கேட்டால் அவன் சுவடு தெரிந்துவிடும்படி ரகசியச் செய்தி பரிமாறும் வித்தை அது. ராணுவத்திற்கும் பாங்குகளுக்கும் நாளை வேண்டியது. அதே ஏப்ரலில், மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி ஜில்லாவில், நான்கு மைல் அல்ல, நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரு கைகளில் லேஸர் ஒளியை ஓடவிட்டு, ஆகாயத்தின் நடுக்கத்தை அளக்கும் லைகோ நிலையத்திற்கு 2,600 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. 2015ல் அமெரிக்காவில் முதன்முதலாக அந்த நடுக்கத்தைக் கண்ட நிலையங்களின் கூட்டாளியாக அது விளங்கும்.

ஆகவே பணம் ஒதுக்கப்படவில்லையென்பது அல்ல நம் புகார். ஒதுக்கிய பணம் கட்டடமாகவும் கருவியாகவும் போய்ச் சேருகிற அளவுக்கு ஆளிடம் போய்ச் சேருவதில்லை என்பதே. தேசத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 0.64 பங்கே 2020-21ல் ஆராய்ச்சிக்குச் செலவாயிற்று என்பது சர்க்காரே வெளியிட்ட கணக்கு. புதிய ஆராய்ச்சி ஸ்தாபனத்திற்கு ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்று பறை சாற்றினார்கள். அதில் 36,000 கோடி தனி முதலாளிகளிடமிருந்து வரவேண்டியது. டாட்டாவின் கொடையில் பெங்களூர்க் கழகமும், பாலித்தின் கொடையில் ராமனின் நாற்காலியும் ஏற்பட்ட தேசத்தில் அது நடக்காத காரியமல்ல. ஆனால் இன்றைய முதலாளிகள் பாலித்தைப் படித்தவர்களாகத் தெரியவில்லை. 2022 ஜூலையில், சர்க்கார் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிச் சாலைகள் வாங்கும் கருவிகளுக்கு 5 சதவிகிதமாக இருந்த ஜி.எஸ்.டி. சலுகை எடுக்கப்பட்டு, 18 சதவிகிதம் வரை உயர்ந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் இந்த வித்தையை எந்தப் பௌதிக சாஸ்திரி கண்டுபிடித்தாரோ!

சம்பளம் வந்து சேரும் விஷயம் இன்னும் மோசம். 2019 ஜனவரியில் ஆராய்ச்சி மாணவர்கள் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்த பிறகே உபகாரச் சம்பளம் உயர்ந்தது. 2023ல் மறுபடி திருத்தியபோது, டாக்டர் பட்டம் பெற்ற ஆராய்ச்சி உதவியாளருக்கு மாதம் 58,000 ரூபாய் முதல் 67,000 ரூபாய் வரை என்று நிர்ணயித்தார்கள். காகிதத்தில் குறைவில்லாத தொகைதான். மாதா மாதம் வந்தால் அதில் மானமாக வாழலாம். ஆனால் திட்டத்தின் தவணை வரவில்லை, செலவுக் கணக்கு ஒப்புக்கொள்ளப்படவில்லை என்று சொல்லி மாதக் கணக்கில் நிறுத்திவைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வீட்டு வாடகைக்கு நண்பனிடம் கைமாற்று வாங்கிவிட்டு வந்து லேஸர் முன் உட்காருகிறவனிடம், மனத்தை ஒருமுகப்படுத்து என்று எந்த முகத்தோடு சொல்வது? எர்லாங்கனிலிருந்து வந்த கடிதம் அவன் மேஜையில் கிடக்கும்போது, தேசபக்தி ஒன்றைமட்டும் காட்டி அவனை நிறுத்திவைக்க முடியுமென்று நம்புகிறவர்கள், தங்கள் பிள்ளைகளை முதலில் நிறுத்திப் பார்க்கட்டும்.

சோதனை செய்யும் ஒளி ஆராய்ச்சியாளனுக்குக் கெடு ஐந்து வருஷமாக வேண்டும். மூன்றாம் வருஷத்தில் வேலையைச் சோதித்து, சோம்பேறியாயிருந்தால் அனுப்பிவிடலாம். சம்பளம் திட்டத்தின் தவணையைச் சாராமல் மாதத்தின் முதல் தேதியன்று நேரே அவன் கணக்கில் விழவேண்டும். 35 என்ற வயது வரம்பை எடுத்துவிட்டு, பட்டம் பெற்ற தேதியிலிருந்து வருஷங்களைக் கணக்கிட வேண்டும். பிள்ளை பெற்று வளர்த்துத் தாமதமாகப் பட்டம் பெற்ற பெண்களுக்கு அப்போதுதான் நியாயம் கிடைக்கும். வெளிநாட்டு வாலிபர்களும் இங்கே வந்து தங்கும்படி ஒவ்வொரு பெரிய ஸ்தாபனத்திலும் சில இடங்களைத் திறந்துவைக்க வேண்டும். நாம் போய்க் கற்பது ஒரு பக்கமிருக்க, பார்னுக்கு மறுத்த நாற்காலியை இன்னொருவருக்காவது கொடுத்துப் பார்ப்போம்.

ஹிங்கோலியின் நிலையம் 2030ம் வருஷத்தை ஒட்டி வேலை தொடங்குமென்று சொல்லியிருக்கிறார்கள். அந்த லேஸரின் முன் நிற்கப்போகிறவர்கள் இப்போது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். சென்னையிலும் கொச்சியிலும் இந்தூரிலும் டாக்டர் பட்டத்திற்குப் படித்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பட்டம் பெறுவதற்கும் நிலையம் திறப்பதற்கும் இடையில் உள்ள வருஷங்களுக்கு எத்தனை உத்தியோகங்கள், எவ்வளவு காலத்திற்கு, எந்தச் சம்பளத்தில் ஏற்பாடாகியிருக்கின்றன என்ற கணக்கைச் சர்க்கார் பார்லிமெண்டில் வைக்கவேண்டும். நம் ராஜ்யத்திலிருந்து சென்றிருக்கும் அங்கத்தினர்கள் வரும் கூட்டத்திலேயே இந்தக் கேள்வியை எழுத்து மூலம் கொடுத்துப் பதில் வாங்குவார்களாக.